முறுக்கு அச்சில் மீன் தீவனம்: டக்வீடும் அசோலாவும்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் செய்முறைக்கு வருகிறேன்.

சிங்கப்பூரின் லிம் சூ காங்கில் நான் வேலை பார்க்கும் மீன் பண்ணையில், ஸ்டோர் கொட்டகைக்குப் பின்னால் ஆயிரம் லிட்டர் தொட்டிகள் இரண்டு சும்மா கிடந்தன. முதலாளியிடம் கேட்டேன். "எடுத்துக்கோ, ஆனா கரண்ட் பில் பார்த்துக்கோ" என்றார். கழுவி, காற்றுக் குழாய் போட்டு, தொட்டிக்கு நாற்பது சிவப்புத் திலாப்பியாக் குஞ்சுகள் விட்டேன். ஊரில் ஜிலேபிக் கெண்டை என்போமே, அதன் கலப்பு வகைதான். ஒரு தொட்டிக்குக் கடையில் வாங்கும் மூட்டைத் தீவனம். இன்னொன்றுக்கு முழுக்க முழுக்க டக்வீட். அரிசிமணியைவிடச் சிறிய இலையாக, நீர்மேல் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் படருமே, அந்த மிதக்கும் செடி. புரதம் நாற்பது விழுக்காடு என்று படித்திருந்தேன். இலவசமாக வளர்கிறது, மீனும் பாய்ந்து பாய்ந்து தின்கிறது, இனி மூட்டை எதற்கு என்று நினைத்தேன்.

ஆறு வாரம் கழித்துத் தராசில் வைத்தேன். இரண்டு தொட்டியிலும் மீன் சுமார் 60 கிராமில் தொடங்கியது. மூட்டைத் தீவனம் தின்றவை சராசரி 130 கிராம். பச்சை தின்றவை 80 கிராம். வயிறு மட்டும் எந்நேரமும் புடைத்திருந்தது.

எங்கே தப்பு? கணக்கில்தான். டக்வீடில் நூற்றுக்கு 92 முதல் 95 பங்கு தண்ணீர். நாற்பது விழுக்காடு புரதம் என்பது அந்தத் தண்ணீரையெல்லாம் எடுத்த பிறகு மிஞ்சும் காய்ந்த பொடியில். அதுவும் நன்றாகத் தீனி போட்டு வளர்த்த செடியில். நூறு கிராம் திலாப்பியாவுக்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் 3 விழுக்காடு, அதாவது 3 கிராம் உலர்ந்த தீவனம் வேண்டும். அந்த 3 கிராமைப் பச்சை டக்வீடாகக் கொடுக்க வேண்டுமானால் 50 கிராம் தின்ன வேண்டும். தன் எடையில் பாதி! ஐம்பது கிலோ ஆள் தினமும் இருபத்தைந்து கிலோ கீரை தின்பது மாதிரி. மீன் பாவம், முயற்சி செய்தது.

ஆகவே இந்தக் கட்டுரை முழுவதும் ஒரே ஒரு கருத்தைத்தான் சுற்றி வரும்: செடியைக் காய்ந்த எடையில் கணக்குப் போடுங்கள், தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாதீர்கள். ஐந்தில் ஒரு பங்கு என்றால் திலாப்பியா மூட்டைத் தீவனத்துக்குக் கிட்டத்தட்ட ஈடாக வளர்கிறது. இப்போது என் தொட்டிகளில் ஒன்றுக்கு அதே கலவைதான்.

எந்த மீனுக்குக் கொடுக்கலாம்

திலாப்பியாவை ஒருமுறை வெட்டிக் குடலை நீட்டிப் பாருங்கள். நூல்கண்டு பிரிகிற மாதிரி வந்துகொண்டே இருக்கும், உடல் நீளத்தைப் போலப் பல மடங்கு. செடி தின்கிற மீனின் குடல் அது. கொடுவா மீனை வெட்டினால் குட்டையான குடல், பெரிய இரைப்பை. அது மீனைத் தின்கிற மீன். இந்த ஒரு வித்தியாசத்தைப் பார்த்துவிட்டால் போதும், பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும்.

திலாப்பியா, புல்கெண்டை, ஜாவா பார்பு, கௌராமி எல்லாம் செடிப் பொடியை ஏற்கும். புல்கெண்டை பச்சையாகவே தின்று வளரும், அதற்கு இந்தக் கட்டுரை தேவையே இல்லை. கெளுத்தி நடுவில் நிற்கிற ஆள், பத்து விழுக்காடு வரை பரவாயில்லை. கொடுவா, விரால், சிங்கப்பூர்க்காரர்களின் செல்லமான சூன் ஹாக் (மார்பிள் கோபி மீன்) இவற்றுக்கெல்லாம் வேண்டாம். ஜொகூர் நீரிணையில் கூண்டு போட்டுக் கொடுவா வளர்க்கும் நண்பர் ஒருவர், "நமக்கும் கொஞ்சம் பச்சைப் பொடி கொடு" என்று கேட்டார். கொடுக்கவில்லை. கொடுவாவுக்கு நாற்பதுக்கு மேல் புரதம் வேண்டும், அதுவும் பெரும்பகுதி மீனிலிருந்து.

எந்தச் செடி

நான் நம்புவது இரண்டைத்தான், டக்வீடும் அசோலாவும்.

டக்வீட் தண்ணீரில் இருக்கிற அம்மோனியாவை நேராக உறிஞ்சும். மீன் கழிவிலிருந்து வருவதும் அம்மோனியாதான். ஆக மீன்தொட்டியின் அழுக்குத் தண்ணீரே அதற்கு உரம். நல்ல வெயிலும் உரமும் இருந்தால் இரண்டு மூன்று நாளில் இரண்டு மடங்காகும். ஆனால் புரதம் எப்போதும் நாற்பதாக இருக்காது. பட்டினி போட்ட தண்ணீரில் வளர்ந்தால் பதினைந்து, இருபது என்று இறங்கிவிடும், நார்ச்சத்து ஏறிவிடும். ஆய்வுக்கூடம் இல்லாமல் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. விரல் நுனியைத் தண்ணீரில் தொட்டு எடுங்கள், நாலைந்து இலை ஒட்டிக்கொண்டு வரும். தலைகீழாகத் திருப்பி வேரைப் பாருங்கள். வேர் உங்கள் நகத்தின் அகலத்துக்குள் அடங்கி, இலை கரும்பச்சையாக இருந்தால் செடி சாப்பிட்டிருக்கிறது. வேர் நீண்டு தலைமுடிபோல் தொங்கி, இலை வெளுத்திருந்தால் அது தீனி தேடுகிறது, புரதம் குறைவு. நான் அறுவடைக்கு முன்னால் எப்போதும் இப்படிப் பார்த்துவிட்டுத்தான் வலையை எடுப்பேன்.

அசோலா ஊரில் மாட்டுக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த பெயர். அது பெரணி வகை. இலைக்குள்ளே குடியிருக்கும் நுண்ணுயிர் ஒன்று காற்றிலிருக்கும் தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடித்துக் கொடுத்துவிடும், அதனால் தண்ணீரில் தழைச்சத்து இல்லாவிட்டாலும் வளரும். ஆனால் மணிச்சத்து (பாஸ்பரஸ்) கட்டாயம் வேண்டும். காய்ந்த பொடியில் புரதம் இருபதிலிருந்து இருபத்தைந்து, சில சமயம் சற்று மேலே. டக்வீடைவிட நார் அதிகம். நான் டக்வீட் குறைகிற வாரங்களில் ஈடுகட்ட மட்டும் இதை வைத்திருக்கிறேன். அசோலா மட்டும் போடுவதானால் பங்கைப் பத்து பதினைந்து விழுக்காட்டோடு நிறுத்திக்கொள்வேன்.

ஆகாயத்தாமரையைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். எங்கள் பண்ணையில் மிஷின் பழுதுபார்க்க வரும் சீனப் பெரியவர், பொங்கோலில் அவர் அப்பா பன்றி வளர்த்த காலத்தைச் சொல்வார். குளம் நிறைய ஆகாயத்தாமரை, அதை வெட்டி நறுக்கி, பெரிய அண்டாவில் வேகவைத்துப் பன்றிக்குப் போடுவார்களாம். பன்றித் தொழுவக் கழிவு குளத்துக்கு, குளத்துச் செடி பன்றிக்கு, குளத்து மீன் வீட்டுக்கு. அந்தக் காலத்துக் கம்போங் பண்ணைகளில் இந்தச் சுற்று சாதாரணம். ஆனால் பன்றி வேறு, மீன் வேறு. ஆகாயத்தாமரையின் தண்டு முழுக்க நாரும் நீரும், கால்சியம் ஆக்சலேட் படிகங்களும். இலையை மட்டும் கிள்ளிக் காயவைத்துக் கொஞ்சம் போடலாம், ஆனால் உழைப்புக்குப் பலன் இல்லை. சால்வினியா என்கிற மிதக்கும் பெரணி இன்னும் மோசம். கங்கோங் கீரை நல்லதுதான், ஆனால் அதை நானே தின்றுவிடுவேன்.

எங்கிருந்து எடுப்பது? நீர்த்தேக்கத்திலும் கால்வாயிலும் கைவைக்காதீர்கள். பூங்காக்களிலும் நீர்த்தேக்கங்களிலும் செடி எடுப்பது சட்டப்படி தப்பு. அது ஒருபுறம் இருக்கட்டும், டக்வீட் ஒரு வடிகட்டிப் பஞ்சு மாதிரி. ஈயம், கேட்மியம் என்று தண்ணீரில் என்ன உலோகம் இருந்தாலும் உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். சாலையோர வாய்க்காலில் வளர்ந்த டக்வீடை மீனுக்குப் போட்டு, அந்த மீனை நாம் தின்பது எதற்கு? அலங்கார மீன் கடைக்குப் போய்க் கேளுங்கள். மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்கு டக்வீட் ஒரு தொல்லை, அள்ளி அள்ளிக் குப்பையில் போடுவார்கள். ஒரு கைப்பிடி இலவசமாகவே கிடைக்கும். கொண்டுவந்து இரண்டு வாரம் தனி வாளியில் வைத்து, நத்தை, நத்தை முட்டை வருகிறதா என்று பார்த்துவிட்டுத் தொட்டிக்கு மாற்றுங்கள்.

வளர்ப்பது

என்னிடம் ஐந்து பிளாஸ்டிக் தொட்டிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் பரப்பு. ஆழம் 25 சென்டிமீட்டர். இதைவிட ஆழம் குறைந்தால் நம் ஊர் மத்தியான வெயிலில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கிவிடும். 34, 35 டிகிரிக்கு மேல் போனால் டக்வீட் நுனி வெளுத்து நின்றுவிடும். அதனால் மேலே நிழல்வலை, பாதி வெயிலை மறைக்கிற வகை. அசோலாவுக்கு நிழல்வலை இல்லாமல் முடியவே முடியாது. வெறும் வெயிலில் விட்டால் ஒரே வாரத்தில் செங்கல் நிறமாகிவிடும். மணிச்சத்து குறைந்தாலும் அதே சிவப்புதான். சிவந்துவிட்டால் முதலில் நிழல், அப்புறம் சூப்பர்பாஸ்பேட்டை ஒரு டீஸ்பூன் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள்.

தண்ணீருக்குக் குழாய் நீரை மட்டும் நம்பாதீர்கள், அதில் செடிக்குச் சாப்பாடு இல்லை. மீன்தொட்டியின் அடியில் படியும் கசடுத் தண்ணீரை எடுத்து, கசடு அடங்கிய பிறகு மேலே தெளிந்ததை இறைத்து விடுகிறேன். வாரத்தில் இரண்டு முறை தொட்டிக்கு நான்கைந்து வாளி. உயிர்வடிகட்டி வைத்திருப்பவர்கள் வடிகட்டிக்கு முன்னால் இருக்கிற தண்ணீரை எடுங்கள். வடிகட்டியைத் தாண்டினால் அம்மோனியா நைட்ரேட்டாக மாறிவிடும். டக்வீட் அதையும் தின்னும், ஆனால் அம்மோனியாவைத்தான் முதலில் தேடும்.

ஒரு எச்சரிக்கை, இது செடிக்கு அல்ல, மீனுக்கு. சிங்கப்பூர்க் குழாய் நீரில் குளோரின் இல்லை, குளோரமைன். ஊரில் செய்வது மாதிரி ஒரு ராத்திரி திறந்து வைத்தால் போய்விடும் என்று நினைக்காதீர்கள், போகாது. மீன்கடையில் விற்கும் குளோரின் நீக்கி மருந்தை அளந்து போட்ட பிறகுதான் மீன்தொட்டிக்குத் தண்ணீர் சேர்க்க வேண்டும்.

மழை. நவம்பர் முடிந்து வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், ஒரே மத்தியானத்தில் தொட்டி நிரம்பி வழிந்து பச்சையெல்லாம் வாய்க்காலோடு போய்விடும். எனக்கு இரண்டு முறை போயிற்று. இப்போது விளிம்புக்கு மூன்று விரல் கீழே ஓட்டை போட்டு, கொசுவலைத் துணியை உள்ளிருந்து ஒட்டியிருக்கிறேன். தண்ணீர் போகும், செடி நிற்கும்.

கொசுவைப் பற்றிப் பேசாமல் சிங்கப்பூரில் தண்ணீர்த் தொட்டி பற்றிப் பேச முடியாது. டெங்கிப் புழு கண்டுபிடித்தால் அபராதம் வீட்டுக்கும் உண்டு, பண்ணைக்கும் உண்டு. பச்சை முழுதாக மூடியிருந்தால் கொசு முட்டையிட இடம் குறைவு, ஆனால் அறுவடை செய்த அன்று கொஞ்சம் தண்ணீர் திறந்து கிடக்குமே! அதனால் தொட்டிக்கு எட்டு பத்து கப்பி மீன்கள். புழு வந்தால் அவற்றுக்கு விருந்து. வாரம் ஒரு முறை டார்ச் அடித்து ஓரங்களைப் பார்ப்பேன். அடுக்குமாடி வீட்டுப் பால்கனியில் சின்னத் தொட்டி வைக்க நினைப்பவர்களும் கப்பி இல்லாமல் தொடங்காதீர்கள்.

அறுவடை ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்றில் ஒரு பங்கு. அதற்கு மேல் எடுத்தால் இடைவெளி விழுந்து அடியில் பாசி பிடிக்கும். எடுக்காமல் விட்டாலோ ஒன்றன்மேல் ஒன்று ஏறி அடியில் இருப்பது அழுகும். சதுர மீட்டருக்கு அரைக் கிலோ பச்சை எப்போதும் மிதந்துகொண்டிருக்க வேண்டும். எனக்குத் தொட்டிக்கு ஒரு நாளைக்கு எண்பது கிராம் பச்சை கிடைக்கிறது. காய்ந்த பிறகு ஐந்து கிராம். ஆமாம், ஐந்தே கிராம்!

இப்போது கணக்கு. ஒரு தொட்டியில் நாற்பது மீன், ஒவ்வொன்றும் நூறு கிராம் என்றால் நான்கு கிலோ. தினத் தீவனம் 120 கிராம். அதில் ஐந்தில் ஒரு பங்கு 24 கிராம் டக்வீட் பொடி. ஐந்து செடித்தொட்டியும் சேர்ந்து அந்த ஒரே ஒரு மீன்தொட்டிக்குத்தான் ஈடுகொடுக்கும். மீன் கால் கிலோ ஆகும்போது அதுவும் பற்றாது, பங்கு தானாகக் குறையும். "ஒரு வாளியில் டக்வீட் வளர்த்து நூறு மீனுக்குச் சோறு போடலாம்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

அப்படியானால் எதற்கு இந்தப் பாடு? காசு மிச்சம் என்று நான் சொல்லமாட்டேன். மின்விசிறிக்கும் அடுப்புக்கும் ஆகிற மின்சாரத்தைக் கழித்தால் மிஞ்சுவது சில சிங்கப்பூர் வெள்ளிதான். எனக்குக் கிடைத்த லாபம் தண்ணீரில். அழுக்குத் தண்ணீரைச் செடி சுத்தம் செய்து கொடுப்பதால் வாரத்துக்கு இருமுறை மாற்றிய தண்ணீரை இப்போது ஒருமுறைதான் மாற்றுகிறேன்.

காயவைப்பது

இங்கேதான் நிறையப் பேர் கைவிட்டுவிடுவார்கள். தஞ்சாவூர் மொட்டை மாடியில் பாயை விரித்தால் சாயங்காலத்துக்குள் சருகாகிவிடும். இங்கே காற்றே ஈரம்.

முதல் வேலை, அள்ளியதை நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். கப்பிக் குஞ்சு, நத்தை, தூசி எல்லாம் போகட்டும். அப்புறம் பழைய வேட்டித் துணியில் மூட்டை கட்டிப் பிழியுங்கள். கசக்கிப் பிழிய வேண்டாம், சாறு பச்சையாக வந்தால் சத்து போகிறது என்று அர்த்தம். தெளிந்த தண்ணீர் வந்துகொண்டிருக்கும் வரை மட்டும். பிறகு நிழல்வலை அடித்த சட்டத்தில், விரல் கனத்துக்குக் குறைவாகப் பரப்பி, கீழிருந்தும் மேலிருந்தும் மின்விசிறி. நேர் வெயிலில் நாள் முழுக்கப் போட்டால் சீக்கிரம் காயும், ஆனால் பச்சை வைக்கோல் நிறமாகிவிடும். மீனின் நிறத்துக்கு உதவும் கரோட்டின் அதோடு போகும். நான் காலை வெயிலில் ஒரு மணி நேரம், மீதி நிழலில் விசிறிக் காற்று. கடைசியில் பேக்கிங் அடுப்பில் 60 டிகிரியில், கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து, ஒன்றிரண்டு மணி நேரம்.

காய்ந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முதல் வருடம் டிசம்பரில் நான் அதைத்தான் செய்தேன். தொட்டால் சரசரவென்று இருந்தது, பிஸ்கட் டின்னில் போட்டு மூடி வைத்தேன். ஒன்பதாம் நாள் திறந்தால் ஈரச் சாக்கு நாற்றம். பொடிக்கு நடுவில் சாம்பல் நிறத்தில் சிலந்தி நூல் மாதிரி. மொத்தத்தையும் குப்பையில் கொட்டினேன். வேகவைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம், பூஞ்சையின் நச்சு வெப்பத்துக்கு அடங்காது, அது மீனின் ஈரலைக் கெடுக்கும். இப்போது ஒரே வழிதான். சமையல் தராசில் தட்டோடு எடை பார்ப்பேன், அரை மணி அடுப்பில் வைப்பேன், மறுபடி பார்ப்பேன். எடை மேற்கொண்டு இறங்காமல் நின்றால்தான் காய்ந்தது. இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தால் மாவாகி விழ வேண்டும், ஒட்டிக்கொண்டால் இன்னும் ஈரம் இருக்கிறது.

ஒரு கிலோ பச்சைக்கு அறுபது கிராம் பொடி. மிக்ஸியில் அரைத்து, மாவுச் சல்லடையில் சலித்து, காற்று புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

கலவை

நூறு கிராம் அளவுள்ள திலாப்பியாவுக்கு முப்பது விழுக்காட்டை ஒட்டிப் புரதம் வேண்டும். நான் ஒரு கிலோவுக்குப் போடுவது இது:

டக்வீட் பொடி 200 கிராம்
சோயாப் புண்ணாக்கு 300 கிராம்
நெத்திலிப் பொடி 120 கிராம்
வறுத்த தவிடு 210 கிராம்
கோதுமை மாவு 130 கிராம்
மீன் எண்ணெய் 20 கிராம்
மீனுக்கான வைட்டமின், தாதுக் கலவை 20 கிராம்

டக்வீட் நன்றாக வளர்ந்ததாக இருந்தால் மொத்தப் புரதம் சுமார் 31 வரும். பட்டினி கிடந்த டக்வீடாக இருந்தால் 28க்கு இறங்கிவிடும். வேரைத் திருப்பிப் பார்க்கச் சொன்னது இதற்குத்தான்.

நெத்திலியை விட்டுவிட்டுச் சைவமாகச் செய்யலாமா என்று என் மைத்துனர் கேட்டார். மீன் சாகாது, ஆனால் மெதுவாக வளரும். டக்வீடிலும் சோயாவிலும் மெத்தியோனின் என்கிற அமினோ அமிலம் குறைவு, நெத்திலி அந்த ஓட்டையை அடைக்கிறது. புதிதாக நெத்திலி வாங்க வேண்டியதில்லை. வீட்டில் சம்பாலுக்குக் கிள்ளிப் போடும் தலைகளை ஒரு பையில் சேர்த்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். பக்கத்து வீட்டு மலாய் அக்காவும் சேர்த்துக் கொடுக்கிறார். உப்பு அதிகம், அதனால் ஒரு மணி நேரம் ஊறவைத்து, இரண்டு தண்ணீர் மாற்றி, மறுபடி காயவைத்து அரைக்க வேண்டும். தலையில் எலும்பு கூடுதல் என்பதால் தலை மட்டும் சேர்ப்பதானால் 150 கிராமாக்கி, தவிட்டில் 30 குறைத்துக்கொள்ளுங்கள்.

சோயாப் புண்ணாக்கு கிடைக்காதவர்கள் தௌஃபு (சோயாப் பன்னீர்) செய்கிற கடையில் சோயாச் சக்கை கேட்கலாம். பெரும்பாலும் கொட்டத்தான் போகிறார்கள். ஆனால் அது எண்பது விழுக்காடு தண்ணீர், சில மணி நேரத்தில் புளித்துவிடும். வாங்கிய அன்றே வேகவைத்து அடுப்பில் காயவைக்க முடிந்தால் வாங்குங்கள். புரதம் புண்ணாக்கைவிடக் குறைவு, ஆகவே நெத்திலியைச் சற்றுக் கூட்ட வேண்டும்.

சரி, பிசையலாம். கோதுமை மாவை மட்டும் தனியே எடுத்து, அரை லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கூழ் காய்ச்சுங்கள். கட்டியில்லாமல் பசைபோல் வரவேண்டும், இதுதான் உருண்டையைத் தண்ணீரில் கரையாமல் பிடித்து வைப்பது. வைட்டமினையும் எண்ணெயையும் தவிர மற்றப் பொடிகளையெல்லாம் கூழோடு சேர்த்துப் பிசைந்து, இட்லிப் பானையில் பத்து நிமிடம் ஆவி காட்டுங்கள். சோயாவில் மிச்சமிருக்கும் செரிமானத்தைக் கெடுக்கும் பொருள் இதில் பெரும்பாலும் அடங்கும். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு வைட்டமினும் எண்ணெயும். சூட்டிலேயே போட்டால் வைட்டமின் சி போய்விடும், நாம் போட்டதாக நினைத்துக்கொண்டிருப்போம், மீனுக்கு இருக்காது.

மாவு முறுக்கு மாவைவிடச் சற்றுக் கெட்டியாக இருக்க வேண்டும். அப்புறம் முறுக்கு அச்சு. குஞ்சு மீனுக்கு ஓமப்பொடித் தட்டு, நூறு கிராமுக்கு மேல் போனால் தேன்குழல் தட்டு. தேக்காவில் (லிட்டில் இந்தியாவில்) இதற்கென்றே ஒரு பித்தளை அச்சு தனியாக வாங்கிவிட்டேன். வீட்டு அச்சை எடுத்துப் போனபோது என் மனைவி கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது. தட்டில் பிழிந்து, விசிறியில் ஒரு ராத்திரி, அடுப்பில் 60 டிகிரியில் முடித்து, கையால் நொறுக்கினால் அரிசி நீளத்துக்கு உடையும். உடையும்போது 'டிக்' என்று சத்தம் வரவேண்டும். வளைந்தால் ஈரம்.

ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி நாலைந்து துண்டு போடுங்கள். பத்து நிமிடம் உருக்குலையாமல் கிடந்தால் சரி. அதற்கு முன்பே புகை மாதிரி கரைந்தால் அடுத்த தடவை கூழுக்கு மாவைக் கூட்டி, தவிட்டைக் குறையுங்கள். இது மூழ்கும் தீவனம், மிதக்காது. மிதக்கும் தீவனத்துக்கு அழுத்த இயந்திரம் வேண்டும், முறுக்கு அச்சால் ஆகாது. ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, பதினைந்து நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவே கொடுங்கள். மிச்சம் அடியில் கிடந்தால் தண்ணீர் கெட்டுவிடும்.

புதிய கலவைக்கு மீன் உடனே பழகாது. முதல் மூன்று நாள் துப்பும். பாதிக்குப் பாதி மூட்டைத் தீவனம் கலந்து ஒரு வாரத்தில் முழுதாக மாற்றுங்கள். கழிவு பச்சையாக வரும், பயப்பட வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பத்து மீனைப் பிடித்து ஈரத் துணியில் எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். எடை ஏறுவது மந்தமானால் செடிப் பங்கைப் பத்து விழுக்காட்டுக்கு இறக்கி, அதே அளவு சோயாவைக் கூட்டிப் பாருங்கள்.

பருவமழை மாதங்களில் நான் இப்போது காயவைக்கவே முயல்வதில்லை. அலசிப் பிழிந்த பச்சையை மிக்ஸியில் விழுதாக அரைத்து, ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்துவிடுகிறேன். பிசைகிற அன்று எடுத்து, கூழுக்கு ஊற்றும் தண்ணீருக்குப் பதிலாக இந்த விழுதிலேயே மாவைக் கரைத்துக் காய்ச்சுவேன். ஆனால் தண்ணீர்க் கணக்கை மறக்காதீர்கள்: அரைக் கிலோ விழுது போட்டால் செடியின் பங்கு 30 கிராம்தான், மீதி 170 கிராமைச் சோயாவும் தவிடும் பாதிப்பாதியாக நிரப்ப வேண்டும்.